சொல்வழி கேளாத குச்சி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் குணம்,

உன் கடிதம் கிடைத்தது. லண்டன் டேற் கலைக்கூடத்தில் அமெரிக்க ஓவியர் மார்க் ரொத்கோவின் படங்களுக்கு முன்னால் நின்றுவிட்டு, "சுவருக்குச் சிவப்புப் பெயின்ற் அடிக்க வந்தவன் பாதியில் போய்விட்டான், இதில் உணர்ச்சி எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். சூடாகப் பதில் எழுதத்தான் நினைத்தேன். கச்சான் காற்று அடிக்கிற இந்த நாட்களில் அதற்கும் தெம்பில்லை.

முதலில் ஊர்ப் புதினம். அம்மன் கோயில் குளிர்த்தி நல்லபடியாக முடிந்தது. உன் சின்னம்மா சுகமாக இருக்கிறார். முழங்கால்தான் மடக்க முடியவில்லையாம். பின்னேரங்களில் பழைய பாலத்தில் நடக்கிறேன். வாவி மீன் பாடுகிறதா என்று மட்டும் இந்த முறையும் கேட்காதே.

சரி, ரொத்கோ. அந்தப் படங்கள் 1958இல் நியூயோர்க்கின் ஆடம்பர உணவகம் ஒன்றுக்காகக் கேட்கப்பட்டவை. வரைந்துகொண்டு போகப் போக, இவற்றுக்குக் கீழே உட்கார்ந்து ஆட்கள் சாப்பிடுவதில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிற்பாடு அவற்றில் ஒன்பதை டேற்றுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அவை லண்டன் வந்து சேர்ந்த 1970 பெப்ரவரி 25ஆம் திகதிதான் அவர் இறந்துபோனதும். இந்தக் கதை தெரிந்தால்தான் படம் பிடிபடும் என்று நான் சொல்லவில்லை. கதையை விட்டுவிட்டு ஓரங்களைப் பார். ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் கோடு கிடையாது. மெல்லிய பூச்சின் மேல் பூச்சாக, ஒன்றுக்குள் ஒன்று கசிந்திருக்கும். அச்சில் பார்த்த எனக்கே அவ்வளவு தெரிகிறது. நேரில் நின்ற நீ என்ன வரைந்திருக்கிறார் என்று தேடினாயே தவிர, எப்படிப் பூசியிருக்கிறார் என்று பார்க்கவில்லை.

சிவப்பென்றால் கோபம், நீலமென்றால் அமைதி என்று அட்டவணை போடுகிறவர்களையும் நம்பாதே. நம் வீட்டுக் கூறைச் சேலையில் என்ன கோபம் இருக்கிறது? என்னைக் கேட்டால், உணர்ச்சி நிறத்தின் பெயரில் இல்லை. கை எவ்வளவு அழுத்தியது, எங்கே தயங்கியது, எங்கே ஓடியது என்பதில் இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்த காலம் முழுக்க, கை பட்ட தடயமே தெரியாமல் கோடு போடுவதுதான் என் உத்தியோகம். வாய்க்கால், மதகு, குளக்கட்டு எதுவானாலும் தடிப்பு மாறக்கூடாது. கோடு நடுங்கினால் சவர அலகால் ட்ரேசிங் தாளைச் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து மினுக்கி, மறுபடி இழுக்க வேண்டும். எங்கள் நடுக்கமெல்லாம் தூளாக மேசையிலிருந்து ஊதப்பட்டது.

அக்கா போன பிறகு அவள் முகத்தை வரைய உட்கார்ந்தேன். நெற்றி, மூக்கு, நாடி எல்லாம் அளவு பிசகாமல் வந்தன. அடையாள அட்டைக்குக் கொடுத்திருக்கலாம். அக்கா அதில் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சித்திரம் படிக்கிறாள். பார்த்துவிட்டு, "மாமா, பென்சில் நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்கிறது. சொல்வழி கேளாத எதையாவது எடுங்கள்" என்றாள்.

வேப்பங்குச்சி ஒன்றை முறித்து, பல் துலக்குவதற்குப் போல நுனியை மென்று நார்நாராக்கினேன். கறுப்பு மையில் தோய்த்து அக்காவின் பெயரை எழுதினேன். முதல் எழுத்து ஊறி வழிந்தது. இரண்டாவதில் நார்கள் பிரிந்து ஒரே கோடு பல கோடானது. மூன்றாவதற்கு மை போதவில்லை. தாள் கீறுபடும் சத்தம் மட்டும் கேட்டது. மை தொடாமல் அதன் மேலேயே எழுதினேன், பிறகு மை தொட்டும் எழுதினேன், வாசிக்க முடியாமல் போகும்வரை. அந்தத் தாளைப் பார்த்த மச்சாள் எதுவும் கேட்கவில்லை. முகப் படத்தைப் பார்த்தபோது "நல்லாயிருக்கிறது" என்று சொன்னவள் அவள்.

ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் 1963 அளவில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை இப்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது. அவற்றில் எழுத்துப் போலவும் சாதகக் கட்டம் போலவும் கணக்குப் போலவும் நிறைந்திருக்கும். எதையும் வாசிக்க முடியாது. சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் தொடங்கியவர் அவர்தான்.

இப்போது கையில் அகப்படுவதையெல்லாம் சோதிக்கிறேன். நாவலடிக் கரையில் உடைந்த தோணிப் பலகை ஒன்று கிடந்தது. மெல்லிய தாளை அதன்மேல் விரித்துக் கரியால் உரசினால் மரத்தின் ரேகை எழும்பி வரும், ஆணி கழன்ற ஓட்டைகள் வெள்ளையாக நிற்கும். ஓவியர் மாக்ஸ் ஏர்ண்ஸ்ற் 1925இல் தரைப்பலகையில் செய்த வித்தை. நாவலடிப் பலகையில் அதைச் செய்யும்போது கை ஏன் மெதுவாகிறது என்று, 2004 சுனாமிக்குப் பிறகு அந்தப் பக்கமே போகாத உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, ஆலாத்தித் தண்ணீர். தாளில் மஞ்சளைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, சுண்ணாம்புத் தண்ணீரைத் துளித்துளியாக விடு. பட்ட இடமெல்லாம் சிவக்கும், எவ்வளவு பரவும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது, வெளுத்துவிடும். அதனால் அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

கண்டபடி எறிந்தால் உணர்ச்சி வந்துவிடும் என்று நினைத்துவிடாதே. 1947 முதல் கன்வஸைத் தரையில் விரித்துப் பெயின்ற் சொட்டவிட்ட ஜக்சன் பொலொக்குக்கூட, பெயின்ற் எவ்வளவு தடிப்பு, கை எவ்வளவு உயரம் என்று தெரிந்துதான் செய்தார். என் தாள்களில் பெரும்பாலானவை வெறும் கிறுக்கல். அடுப்புக்குப் போகின்றன, வருத்தமில்லை.

மறுபடியும் அந்தப் படங்களைப் பார்க்கக் கிடைத்தால் முன்னால் உட்கார்ந்து பார். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அப்படியே எழுது; பிடித்ததாக நடிக்க வேண்டாம். ஆவணியில் வருவதாக எழுதியிருக்கிறாய். சொக்லேட் சுமந்து வராமல் பருத்திக் கடதாசி கொண்டு வா, 300 கிராம் தடிப்பு, சொரசொரப்பானது. சின்னம்மாவுக்கு முழங்காலுக்குப் பூசுகிற அந்தத் தைலமும் வேண்டுமாம்.

அன்புடன்,
தேவன்