முதல் ஸ்பிண்டிலை எரித்தது நான்தான்

தன்லின், பர்மா,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வருகிறது, மழையோடு போகிறது. மரம் செதுக்கும் இயந்திரத்தில் வெட்டுக்கருவியைச் சுழற்றும் மோட்டார், அதாவது இரண்டாவது ஸ்பிண்டில், ஓடத் தொடங்கிவிட்டதைத் தம்பி உனக்குச் சொல்லியிருப்பான். மீதியை நான் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ சிரித்துப் பேச்சை மாற்றி என்னைத் தப்பிக்க விட்டுவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் ஸ்பிண்டில் கோளாறோடு வந்தது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். எரித்தது நான். நாற்பது ஆண்டுகளாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிற இந்தக் கைதான் எரித்தது.

பெட்டியைப் பிரித்த அன்று மாலை நான்கு மணிக்கு எங்கள் தெருவுக்கு மின்சார முறை. எட்டு மணி நேரம் இல்லாமல் இருந்து நான்கு மணி நேரம் வரும்போது மனிதனுக்கு ஒரு பறப்பு வந்துவிடுகிறது. சோறு வடிப்பதா, தண்ணீர் ஏற்றுவதா, கடை வேலையா என்று வீடே ஓடும். நானும் அந்த ஓட்டத்தில், வீட்டு மின்சாரத்தை ஸ்பிண்டிலுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டியான டிரைவுக்கு இரண்டு கம்பி, ஸ்பிண்டிலுக்கு மூன்று கம்பி மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். குறிப்புப் புத்தகம் பெட்டியின் அடியிலேயே கிடந்தது.

டிரைவின் முகப்பில் 50 என்று ஒளிர்ந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. இந்த ஊர்த் தண்ணீர்ப் பம்பு, அரிசி ஆலை, ஐஸ் ஆலை என்று தாத்தா காலத்திலிருந்து நம் கடைக்கு வந்த மோட்டார் எல்லாம் 50 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு ஐம்பது முறை அலையும் மின்சாரம். வேறு எண் ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு நினைவில் இல்லை. புது மோட்டாரை மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்பது தொழில் பழக்கம். ஐம்பதில் நிமிடத்துக்கு 3000 சுற்று, மெதுவாகத்தானே ஓடப்போகிறது என்று ஸ்பிண்டிலைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயைக்கூட மாட்டவில்லை.

பொத்தானை அழுத்தினேன். போத்தலுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு போல ஒரு முனகல். டிரைவ் தானாகவே நின்று, மின்னோட்டம் மிகுதி என்று காட்டியது. மறுபடி அழுத்தினேன், மறுபடி நின்றது. சீனத்துப் பெட்டிக்கு இவ்வளவு பயம் ஆகாது என்று நினைத்து, மோட்டாரின் ஆம்பியர் அளவைக் கூட்டி வைத்தேன், வேகம் எடுக்கும் நேரத்தையும் நீட்டினேன். மூன்றாம் முறை நிற்காமல் ஓடியது. எனக்குப் பெருமை வேறு. இரண்டு நிமிடம் இருக்கும், வாசனை வந்தது. எனாமல் கருகுகிற வாசனை எனக்குப் புதிதல்ல. அந்த வாசனையோடு வந்த மோட்டார்களைச் சரிசெய்துதான் உங்களைப் படிக்க வைத்தேன். என் மேசையிலிருந்தே கிளம்பியதுதான் புதிது. அம்மா அடுக்களையிலிருந்து, "யார் மோட்டார் எரிகிறது?" என்று கேட்டாள். "வாடிக்கையாளருடையது" என்றேன். பொய் அங்கேதான் ஆரம்பம்.

மறுநாள் ஸ்பிண்டில் மேல் இருக்கும் விவரத் தகட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தேன்: 220 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், 24000 சுற்று, 8 ஆம்பியர், 2.2 கிலோவாட். 400 என்ற அந்த ஒற்றை எண்ணில்தான் எல்லாம் இருந்தது. நம் கடை மோட்டாரில் ஒவ்வொரு காயிலிலும் சுற்று நிறைய இருக்கும். இதில் சொற்பம். வேகமாகத் திசை மாறும் மின்சாரத்தைச் சில சுற்றுகளே தடுத்துவிடும் என்ற கணக்கில் கட்டியிருக்கிறார்கள். அதே காயிலுக்கு 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் அந்தத் தடுப்பு எட்டில் ஒன்றாகிவிடுகிறது. அப்போது வோல்ட்டும் எட்டில் ஒன்றாக, 27 அளவில் இருந்திருக்க வேண்டும். நான் கொடுத்தது முழு 220. இரும்பு தாங்கும் காந்தம் நிறைந்ததும் மின்னோட்டத்துக்குக் கடிவாளம் இல்லை. இதை வேறு யாராவது செய்து கடைக்குக் கொண்டுவந்திருந்தால், தகட்டைப் படிக்கத் தெரியாதா என்று நானே திட்டியிருப்பேன்.

பழுது பார்க்கலாம் என்று பிரித்தும் பார்த்தேன். உள்ளே காயில் முழுவதையும் பிசின் ஊற்றிக் கல்லாக்கியிருக்கிறார்கள். உளி வைத்தால் உள்ளிருக்கும் இரும்புத் தகடுகள் நெளிகின்றன. இப்போது அது பில் புத்தகத்தின் மேல் பாரமாக இருக்கிறது.

பினாங்கில் வாடகை வீட்டின் பின்கட்டில் நீயும் இப்படி ஒரு மரம் செதுக்கும் இயந்திரம் அமைக்கப்போவதாக எழுதியிருந்தாய். அதனால் சரியாகச் செய்ததையும் சொல்கிறேன்.

மின்சாரம் கொடுக்கும் முன்பே மல்டிமீட்டரை எடு. ஸ்பிண்டிலின் வட்டப் பிளக்கில் நான்கு முள். முதல் மூன்றையும் இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு நான்காம் முள்ளுக்கும் ஸ்பிண்டில் உடம்புக்கும் இடையில் அளந்து பார். எர்த் முள் என்று நம்பித்தான் நானும் அளந்தேன், மீட்டர் அசையவே இல்லை. அந்த முள்ளுக்குப் பின்னால் கம்பியே கிடையாது! மேல் மூடியைத் திறந்து, ஒரு திருகின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பச்சை மஞ்சள் எர்த் கம்பியின் முனையில் லக் என்ற வளையம் போட்டு முடுக்கி, அதை நான்காம் முள்ளில் பற்றவைத்தேன். தண்ணீர் ஓடுகிற இரும்பைத் தம்பி கையால் தொடப்போகிறான். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அரை நாள் செலவழித்தேன். நீயும் செலவழி.

டிரைவில் வீட்டு மின்சாரம் வரும் முனைகள் ஒரு பக்கம், யு, வி, டபிள்யூ என்று ஸ்பிண்டிலுக்குப் போகும் முனைகள் ஒரு பக்கம். வீட்டு மின்சாரத்தைத் தவறியும் யு, வி, டபிள்யூவில் கொடுத்துவிடாதே, டிரைவ் அந்த நொடியே போய்விடும். ஒரு ஃபேஸ் மின்சாரத்தை எந்த இரண்டு முனையில் கொடுப்பது என்பது டிரைவுக்கு டிரைவ் மாறும், உன்னுடைய புத்தகத்தைப் பார். ஸ்பிண்டில் தலைகீழாகச் சுற்றினால் மூன்றில் ஏதாவது இரண்டு கம்பியை இடம் மாற்று. மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றுகிற பக்கம் சுற்ற வேண்டும். மூடியைக் கழற்றும் முன் மின்சாரத்தை நிறுத்தி, பத்து நிமிடம் போய்த் தேநீர் குடித்துவிட்டு வா. உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் டிசி மின்சாரம் தேங்கி நிற்கும். விளக்கு அணைந்ததா என்று பார்த்து, மீட்டர் வைத்தும் பார்.

உன் வீட்டுச் சுவரில் இருக்கும் 13 ஆம்பியர் பிளக்கை நம்பாதே. டிரைவ் மின்சாரத்தைச் சீராக இழுக்காமல் அள்ளி அள்ளி இழுக்கும். 2.2 கிலோவாட்டை 230 ஆல் வகுத்து, பத்து ஆம்பியர்தானே என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவாய். வீட்டுக்காரரிடம் கேட்டு, உரிமம் உள்ள வயர்மேனைக் கொண்டு தனி லைன் இழுத்துக்கொள். கசிவுக் காப்புச் சுவிட்ச் அவ்வப்போது விழுந்தால், எர்த் கம்பியைக் கழற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அவர்களை வீட்டுக்குள் விடாதே.

எண்களுக்கு வருகிறேன். நம் டிரைவின் அமைப்புகளுக்கு வரிசை எண் உண்டு: 005 அதிகபட்ச அலைவெண் (ஹெர்ட்ஸ்), 004 முழு வோல்ட்டும் கிடைக்கிற அலைவெண். இரண்டும் 50 என்று வந்தன, இரண்டையும் 400 ஆக்கினேன். 005ஐ மட்டும் மாற்றிவிட்டு 004ஐ மறந்தால் நான் செய்ததையே நீயும் செய்வாய், முகப்பில் மட்டும் எல்லாம் சரியாகத் தெரியும். 011 கீழ் எல்லை, அதில் 120 வைத்தேன். 7200 சுற்றுக்குக் கீழே இந்த ஸ்பிண்டிலுக்கு இழுவை இல்லை. 142இல் 8 ஆம்பியர், 143இல் மோட்டாரின் காந்தத் துருவம் 2. 144இல் 3000 வைத்தால் 400 ஹெர்ட்ஸில் முகப்பு 24000 என்று காட்டும். இயந்திரத்தை நடத்தும் கணினிப் பலகையிலிருந்து வரும் 0 முதல் 10 வோல்ட்டால் வேகத்தை மாற்றுவதானால் 072ஐயும் 400 ஆக்க வேண்டும். உன் டிரைவ் வேறு வகை என்றால் இந்த எண்கள் பொருந்தாது, பொருள் மட்டும் பொருந்தும்.

தம்பிக்கு முதலில் 24000 கேட்டால் 21000தான் கிடைத்தது. பலகைக்கும் டிரைவுக்கும் நடுவில் இருக்கிற சின்ன மாற்றுக் கருவியில் ஊசி அளவுத் திருகு ஒன்று உண்டு. மீட்டரில் 10 வோல்ட் வரும்வரை திருப்பினான், சரியாகிவிட்டது.

இனிச் சொல்லப்போவது உங்கள் ஊருக்குத் தேவைப்படாமல் போகலாம். இருந்தாலும் கேள். போன மாதம் தம்பி செதுக்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. அவன் பாதியில் நின்ற வெட்டுக்கருவியைக் கழற்ற ஸ்பானரை, கருவியைப் பிடித்திருக்கும் காலெட் நட்டில் மாட்டினான். தெருமுனையில் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்தினார்கள். அந்தக் கூச்சல் உனக்கு மறந்திருக்காது, விளக்கு வந்துவிட்டதென்று சிறு வயதில் நீயும் கத்தியவன்தான். டிரைவை ஓடச் சொல்லும் ரிலே என்ற சுவிட்ச் மூடியபடியே இருந்திருக்கிறது. டிரைவ் விழித்து, தானாக வேகமெடுக்க ஆரம்பித்தது. ஸ்பானர் பறந்து கூரைத் தகரத்தில் அடித்தது. தம்பியின் கை ஒரு விநாடி முன்னால்தான் விலகியிருந்தது. அம்மாவுக்கு இது தெரியாது, நீயும் சொல்லாதே.

அன்றைக்கே டிரைவுக்கு மின்சாரம் வரும் வழியில் காண்டாக்டர் என்ற காந்தச் சுவிட்ச் ஒன்று வைத்தேன். பச்சைப் பொத்தானை அழுத்தினால் அது தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். மின்சாரம் போனால் விட்டுவிடும், திரும்ப வந்தாலும் யாராவது பச்சையை அழுத்தும்வரை பிடிக்காது. சிவப்புக் காளான் பொத்தானையும் அதே வரிசையில் சேர்த்திருக்கிறேன். ஆனால் அன்றாடம் ஓட்டவும் நிறுத்தவும் காண்டாக்டரைப் பயன்படுத்தக் கூடாது, கெபாசிட்டர் கெட்டுவிடும். அந்த வேலைக்கு டிரைவின் கட்டளை முனைகளே போதும். ஸ்பிண்டிலுக்கும் டிரைவுக்கும் நடுவில் எந்தச் சுவிட்சும் வேண்டாம்.

இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையார் முகம் செதுக்கும்போது துதிக்கை வளைவு வந்தால் இயந்திரம் நின்றுவிடும். மூன்று தேக்குப் பலகை வீண். இயந்திரம் ஓரத்தைத் தொட்டால் நிறுத்தும் எல்லைச் சுவிட்ச், தொடாமலே தொட்டதாகக் காட்டியது. அந்த வளைவில் ஸ்பிண்டில் கம்பி சுவிட்ச் கம்பியோடு உரசிக்கொண்டு போவதைத் தங்கைதான் பார்த்துச் சொன்னாள். இரண்டையும் ஒரு சாண் விலக்கினோம். ஸ்பிண்டிலுக்கு உலோகப் பின்னல் போட்ட கம்பி வாங்கி, பின்னலை இரு முனையிலும் எர்த்தில் பிடித்தோம். சுவிட்ச் கம்பியின் பின்னலைக் கணினிப் பலகை முனையில் மட்டும். அதன் பிறகு பிள்ளையார் தடை செய்யவில்லை.

தண்ணீருக்கு இருபது லிட்டர் வாளி, மீன் தொட்டிப் பம்பு. வெளியே வரும் குழாயை வாளி விளிம்புக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறேன், தண்ணீர் விழும் சத்தம் கேட்டால்தான் தம்பி ஸ்பிண்டிலைத் தொடுவான். வெயில் நாளில் வாளியில் ஐஸ் போட நினைத்தான், நான் விடவில்லை. குளிர்ந்த உடம்பில் வேர்வை போல ஈரம் பூத்து உள்ளே இறங்கும்.

கடைசியாக, இந்தக் கடிதம் எழுதிய காரணம். கோளாறான பொருள் அனுப்பினாய் என்று விற்றவனோடு நீ சண்டை போட்டதையும், அவன் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததையும் தம்பி சொன்னான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவன் நல்ல பொருளைத்தான் அனுப்பினான். இந்தக் கடிதத்தோடு ஓர் உறை வரும். எதிர்வீட்டுப் பெண் திங்கட்கிழமை பினாங்கு திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். தம்பி செதுக்கிய முதல் பூசை அறைக் கதவுக்கு வந்த பணம் அது. காரணத்தைச் சொல்லித்தான் கேட்டேன், ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்தான். விற்றவனுக்கு அதை அனுப்பிவிடு. எரித்தது என் அப்பா என்றே எழுது, "வாடிக்கையாளர்" என்று எழுதாதே.

அம்மா பலாச்சான், அதுதான் காய்ந்த இறால் பொரியல், ஒரு போத்தல் வைத்திருக்கிறாள். மூடியை மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன், படுக்கவைத்தாலும் எண்ணெய் ஒழுகாது. உன் டிரைவுக்கு மின்சாரம் கொடுக்கும் முன் ஸ்பிண்டில் தகட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா