புதன்கிழமை வேண்டாம்

எலத்தகிரி,
ஞாயிறு சாயங்காலம்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அன்பு மகன் அருளுக்கு அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய வத்திக்கான் டூர் டிக்கெட் படம் வந்தது. "எங்கே நிக்கணும், இது சரியான எடமா" என்று ஒரு வரி. ஆறு வாரம் கழித்து வந்த ஒரே வரி. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன், மீட்டிங் என்றாய். தபாலில் போட்டால் நீ ரோமுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் கிடைக்கும். அதனால் எழுதி, நானே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். பக்க எண் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி.

முதலில் ஒன்று. நீ பதிந்திருக்கும் தேதி புதன்கிழமை. புதன் வேண்டாம். புதன் காலையில் திருத்தந்தையின் மறைக்கல்வி உரை இராயப்பர் கோயில், அதாவது புனித பேதுரு கோயில் சதுக்கத்தில் நடக்கும். அது முடிந்து கூட்டம் கலையும்வரை கோயிலுக்குள் பொதுமக்களை விடமாட்டார்கள், மதியம் ஆகிவிடும். உன் டூர் ஒன்பதரைக்கு ஆரம்பித்து மூன்று மணி நேரம். மியூசியம், சிஸ்டைன் சிற்றாலயம் எல்லாம் முடித்து நீங்கள் கோயில் பக்கம் வரும் நேரத்தில் கதவு சாத்தியிருக்கும். டிக்கெட்டின் அடியில் சின்ன எழுத்தில், கோயில் மூடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்காது என்று போட்டிருப்பார்கள், படித்துப் பார். செவ்வாய்க்கு மாற்று, இல்லாவிட்டால் வெள்ளிக்கு. ஞாயிறு மியூசியம் லீவு. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்றைக்கு நம் தேர்த் திருவிழாக் கூட்டம் தோற்றுவிடும்.

எத்தனையோ வருஷம் அந்த ஊரில் இருந்தவள் நான். பதிவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, பதிந்தாயிற்று.

'ஸ்கிப் தி லைன்' என்று நீ காசு கொடுத்திருப்பது எதற்கு என்று தெரிந்துகொள். இராயப்பர் கோயிலுக்கு டிக்கெட்டே கிடையாது, உள்ளே போக இலவசம். அங்கே நிற்கும் நீள வரிசை சோதனைக்கான வரிசை. சதுக்கத்தின் வலது பக்கத் தூண் வரிசைக்கு அடியில் ஸ்கேனர் வைத்திருப்பார்கள், அதைத் தாண்டாமல் சதுக்கத்து வழியாக யாரும் போக முடியாது. நம் டோல்கேட் மாதிரிதான். ஃபாஸ்டாக் இருந்தால் காசு கட்ட நிற்க வேண்டாம், ஆனால் போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் ஃபாஸ்டாக்கைக் காட்டி ஓட முடியுமா? உன் டிக்கெட்டில் மிச்சமாவது மியூசிய வாசலில் டிக்கெட் வாங்கும் வரிசை. மியூசியத்தின் சொந்த விலை 20 யூரோ, முன்பதிவுக்கு 5. மேலே நீ கொடுத்ததெல்லாம் கைடுக்கும் கம்பெனிக்கும்.

வீண் செலவு என்று சொல்லவில்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் கடைசித் தீர்வை ஓவியத்துக்கு முதுகைக் காட்டி நின்றால், எதிர்க்கோடியில் வலது மூலையில் ஒரு கதவு. கைடோடு வரும் குழுக்களுக்கான கதவு அது. படியிறங்கினால் நேரே கோயில் வாசலுக்கு வந்துவிடலாம், சதுக்கத்து வரிசையும் இல்லை, இரண்டாவது சோதனையும் இல்லை. உண்மையில் வரிசை தாண்டுவது இங்கேதான். இடது கதவு வழியாகப் போனால் மியூசியத்துக்குள்ளேயே திரும்ப நடந்து, அந்தச் சுருள் படியில் இறங்கி, மதிலைச் சுற்றிக் கால் மணி நேரம் நடந்து, மறுபடி சதுக்கத்தில் முதலிலிருந்து நிற்க வேண்டும். ஆகவே காலையில் கைடைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கோயிலுக்குப் போகும் கதவு இன்றைக்குத் திறந்திருக்கிறதா? முன்னறிவிப்பு இல்லாமலும் மூடுவார்கள்.

அந்தக் கதவால் வரும் தொல்லை ஒன்று. மியூசியத்தில் 40க்கு 35க்கு 15 சென்டிமீட்டரை விடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள், வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். இலவசம்தான். ஆனால் நீ கோயில் வழியாக வெளியே வந்துவிட்டால் பை மியூசிய வாசலில் கிடக்கும், அதற்காக மதில் ஓரமாகத் திரும்ப நடக்க வேண்டும். ஆபீஸ் பையைத் தூக்கிக்கொண்டு போகாதே. தோள் பை போதும். உன் அப்பாவின் சாவிக்கொத்தில் சின்னக் கத்தி இருக்கிறதே, அதை ரூமிலேயே வை. பிடுங்கினால் திரும்பக் கிடைக்குமோ என்னவோ. அது ஒன்றுதான் இருக்கிறது.

அப்புறம் பெயர். டிக்கெட்டில் 'பெரியவர்கள் 2' என்று இருக்கிறது. அதற்கு மேலே உள்ளதை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறாய். சரி. பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும், வாசலில் கேட்டால் காட்ட வேண்டும். உன் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம். கூட வருகிறவருக்கு எப்படியோ. நம் பக்கத்துப் பாஸ்போர்ட் பலதில் சர்நேம் இடம் காலியாக இருக்கும், இன்ஷியலை விரித்துச் சிலர் முன்னால் போடுவார்கள், சிலர் பின்னால். பதியும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று எதையாவது தட்டிவிட்டு, வாசலில் முழிக்கக் கூடாது. இரண்டு பேரும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். உன் ஜெர்மன் குடியிருப்பு அட்டையும் இருக்கட்டும்.

மெட்ரோ ஏ லைனில் பத்திஸ்தீனி போகும் வண்டியில் ஏறி ஒத்தாவியானோவில் இறங்கு. 64ஆம் நம்பர் பஸ் கோயில் பக்கம் போகும், ஆனாலும் ஏறாதே. பர்ஸ் அடிக்கிறவர்கள் அதில்தான் பிழைக்கிறார்கள். ஸ்டேஷன் படியேறியதும் கழுத்தில் அட்டை தொங்க ஆட்கள் வருவார்கள். "இன்னிக்கு சர்ச் டிக்கெட் முடிஞ்சுபோச்சு, எங்ககிட்ட மட்டும்தான் இருக்கு" என்பார்கள். டிக்கெட்டே இல்லாத இடத்துக்கு முடிந்துபோவது எப்படி? நிற்காமல் நட. பத்து நிமிஷத்தில் மியூசிய வாசல். உன் படத்தில் போட்டிருப்பது வாசலுக்கு எதிர்ச் சாரியில் இருக்கும் படிகள், இடம் சரிதான். அரை மணி முன்னால் போய் நில். உன் போனில் இருப்பது வெறும் ரசீது, உள்ளே போகும் சீட்டு கைடு கையில்தான் இருக்கும். குழு உள்ளே போய்விட்டால் உனக்காக ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள்.

காதில் மாட்டுவதற்கு ரிசீவர் தருவார்கள். கைடு பேசச் சொல்லி, உள்ளே போவதற்கு முன்னாலேயே இரண்டு பேருக்கும் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் கரகரத்தால் மாற்றித் தர ஆள் கிடையாது. கைடிடமிருந்து ரொம்பத் தள்ளிப் போனாலும் சத்தம் அறுந்துவிடும். கூட வருகிறவர் படம் எடுக்க நின்றால் நீயும் நில், ஒருவரை விட்டுவிட்டு ஒருவர் போகாதீர்கள்.

சிஸ்டைனுக்குள் கைடு பேசக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. அதனால் அங்கே மேலே என்ன இருக்கிறது என்பதையெல்லாம் பைன்காய் முற்றத்தில் பலகையைக் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். வெயிலில் நிற்க அலுப்பாக இருக்கும், எல்லோரும் போனை நோண்டுவார்கள். அங்கே கேட்காதவனுக்கு உள்ளே கழுத்து வலிதான் மிச்சம். கூரை 1508இலிருந்து 1512வரை, தீர்வை ஓவியம் 1536இலிருந்து 1541வரை. இரண்டும் மிக்கேலாஞ்சலோ வரைந்தது. ஒரே ஆள், நடுவில் கிழவனாகிவிட்டான். பார்த்தாலே தெரியும்.

உடுப்பு. தோளும் முட்டியும் மறைய வேண்டும், ஆணுக்கும்தான். அரைக்கால் சட்டை வேண்டாம். யாராக இருந்தாலும் ஒரு துப்பட்டா கைப்பையில் இருப்பது நல்லது.

கோயிலுக்குள் கைடு அரை மணிக்கு மேல் நிற்கமாட்டார். அவர் விட்டுவிட்டுப் போன பிறகுதான் உன் நேரம், வெளியே ஓடிவிடாதே. நுழைந்ததும் வலது கையில் முதல் பீடம் வியாகுல மாதா, பியெத்தா என்பார்களே அந்தச் சிலை. மிக்கேலாஞ்சலோ இருபத்துச் சொச்சம் வயதில் செதுக்கியது. 1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்ததிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. நேர் எதிரில் நின்றால் கண்ணாடியில் பின்னால் இருக்கிறவன் தலைதான் தெரியும், கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி நின்று பார். அடுத்த பீடத்தில் இரண்டாம் ஜான் பால் கல்லறை.

அந்தக் கோயிலின் அளவு கண்ணுக்குப் பிடிபடாது. அதற்கு ஒரு வழி, தீர்த்தத் தொட்டியைத் தாங்கும் குழந்தைச் சம்மனசுகளை, அதாவது தேவதூதர் சிலைகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுக் கிட்டே போ. உன்னைவிட உயரமாக இருக்கும். நடுப்பீடத்தின் வெண்கல விதானம் 29 மீட்டர், கிருஷ்ணகிரியில் அவ்வளவு உயரத்தில் எத்தனை கட்டடம் இருக்கிறது என்று யோசி. நடுத் தரையில் மற்ற பெரிய கோயில்களின் நீளம் எதுவரை வரும் என்று பித்தளை எழுத்தில் குறித்திருப்பார்கள், ஆட்கள் மிதித்துக்கொண்டே போவார்கள், குனிந்து பார். சுவரில் இருப்பதெல்லாம் பெயிண்டிங் மாதிரி இருக்கும். ஏறக்குறைய எல்லாமே கல்லும் கண்ணாடியும் பதித்தது. 1506இல் கல் நாட்டி 1626இல் மந்திரித்தார்கள். நூற்று இருபது வருஷம்.

வெளியே சதுக்கத்தின் நடுவில் நிற்கும் தூணை நம் பக்கத்து ஆள் சும்மா தாண்டிப் போகக் கூடாது. எகிப்திலிருந்து வந்த ஒரே சிவப்புக் கிரானைட், 25 மீட்டர், 300 டன்னுக்கு மேல். 1586இல் 900 பேர் கயிறு கட்டி நிமிர்த்தினார்கள். பர்கூர் பக்கம் கிரேன் வைத்தே கல்லை ஏற்ற என்ன பாடு படுகிறார்கள்! தூணுக்கும் நீரூற்றுக்கும் இடையில் தரையில் வட்டக் கல் ஒன்று இருக்கும், இரண்டு பக்கமும் உண்டு. அதன்மேல் நின்று பார்த்தால் சதுக்கத்து ஓரத்தின் நாலு வரிசைத் தூணும் ஒன்றன்பின் ஒன்று மறைந்து ஒரே வரிசையாகத் தெரியும். கூட வருகிறவரையும் நிற்கவைத்துக் காட்டு.

குவிமாடம் ஏற வேறு டிக்கெட், டூரில் சேராது. மொத்தம் 551 படி. லிஃப்டில் போனாலும் மொட்டைமாடியோடு சரி, அதற்கு மேல் 320 படி நடக்கத்தான் வேண்டும். கடைசியில் சுவரே சாய்ந்து வரும், உடம்பைச் சாய்த்துக்கொண்டு ஏற வேண்டும், பாதியில் திரும்ப இடம் கிடையாது. உனக்கு இளைப்பு உண்டு, இன்ஹேலர் இல்லாமல் ஏறாதே. கூட வருகிறவருக்கு உயரம், நெரிசல் பயமா என்று கீழேயே கேட்டுக்கொள், அவளுக்கு

அவளுக்கு என்று எழுதிவிட்டேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

படத்தின் மேல்பாதியை ஏன் வெட்டினாய் என்று எனக்குத் தெரியும் கண்ணு. சின்னவளுக்கு நான் செய்ததைப் பார்த்து வளர்ந்தவன் நீ. ஆயா சொன்னதால் செய்தேன், ஊர் வாய்க்குப் பயந்து செய்தேன் என்று இத்தனை வருஷம் சொல்லி வந்தேன். ரோமில் ஆயாவும் இல்லை, ஊரும் இல்லை. ஓசூரிலிருந்து சின்னவள் எழுதிய மூன்று கடிதமும் நான் இருந்த சிக்னோரா வீட்டுக்குத்தான் வந்தன. நான்தான் பிரிக்கவில்லை. பிரிக்காமல் அலமாரியில் போட்டுவிட்டு வியாழக்கிழமை மதியம் வியாகுல மாதா முன்னால் போய் நின்றேன். வலது சிறகில் பாவசங்கீர்த்தனக் கூண்டுகள் வரிசையாக இருக்கும், எந்த மொழி என்று பலகை போட்டிருக்கும். அங்கே எத்தனையோ தடவை முழந்தாளிட்டிருக்கிறேன், இதை மட்டும் சொன்னதில்லை. மூன்றும் இப்போது இரும்புப் பெட்டியில் உன் ஞானஸ்நானத் துணிக்கு அடியில் இருக்கின்றன. இன்னும் பிரிக்கவில்லை.

மாங்காய் விலை, பின்வீட்டு வேலிச் சண்டை எல்லாம் எழுத நினைத்து உட்கார்ந்தேன். அடுத்ததில் எழுதுகிறேன்.

தண்ணீர் காசு கொடுத்து வாங்காதே. தெருவில் இரும்புக் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல தண்ணீர், காலிப் பாட்டிலைக் கொண்டுபோ. பை சின்னதாக இருக்கட்டும். புதன் வேண்டாம். மாற்றப் பணம் கேட்டால் கட்டிவிடு, நான் தருகிறேன்.

மாற்றும்போது இரண்டு பெயரையும் மறுபடி அடிக்க வேண்டி வரும். அடிப்பதற்கு முன்னால் அவள் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி முழுசாக எனக்கு ஒரு தடவை அனுப்பு. எழுத்து சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா