செக்கெண்ணெய்க்குக் கொடுக்கும் கூடுதல் விலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் இதழில் வெளியான வாசகர் கடிதம் ஒன்றில், இயற்கை முறையில் விளைந்தவை என்றும், உழைத்தவருக்கு நியாயமான கூலி கொடுத்துச் செய்தவை என்றும் சொல்லி விற்கப்படும் பொருள்களை இருமடங்கு விலைக்கு வாங்குவது, பர்மியப் பணமான கியாட்டின் மதிப்பு இவ்வளவு தேய்ந்துபோன இந்நாளில் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாத வீண்செலவு என்று அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதியை நான் முழுமனத்துடன் ஏற்றுக்கொள்கிறேன். மறுபாதியை ஏற்க முடியவில்லை. யாங்கூனில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் குடும்பம் நடத்தி, அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றையும் என் கையாலேயே பார்த்து வாங்கிவரும் அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

ஏற்றுக்கொள்ளும் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நகரத்தின் நடுவிலுள்ள ஒரு பெரிய கடையில் 'ஆர்கானிக் செக்குக் கடலை எண்ணெய்' என்று அச்சிட்டிருந்த புட்டி ஒன்றைச் சந்தை விலையைப்போல் இரண்டு பங்கு கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து அப்பளம் பொரிக்க வாணலியில் ஊற்றியபோது கடலையின் வாசனை துளியும் எழவில்லை. மறுநாள் புட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். செய்தவர்களைப் போய்க் கேட்கும்படி சொன்னார்கள். செய்தவரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊரின் பெயர் மட்டுமே இருந்தது. அமெரிக்காவில் 'ஆர்கானிக்' என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டுமானால், தடை செய்யப்பட்ட உரமோ மருந்தோ 36 மாதங்கள் படாத நிலத்தில் அது விளைந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஆய்வாளர் வந்து சோதிக்கவும் வேண்டும். அப்படிப்பட்ட சோதனை எதுவும் நடந்ததா என்று நான் வாங்கிய புட்டியைப் பார்த்து அறிய வழியில்லை. அச்சிட்ட ஒரு சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்று அன்பர் எழுதியது சரியே.

சத்து மிகுதி என்று நம்பி வாங்குவோரும் சற்று நிதானிக்க வேண்டும். 2012ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இயற்கை முறையில் விளைந்தவற்றுக்கும் மற்றவற்றுக்கும் சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. பூச்சிமருந்தின் எச்சம் குறைவாக இருப்பதையே கண்டார்கள்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், எண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுப்பதை நான் விடவில்லை. இதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் மூன்று வீசை எண்ணெய் செலவாகிறது. (வீசை நம் தமிழ்ச் சொல்தான். தமிழ்நாட்டில் அந்த நிறுத்தலளவை வழக்கொழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இங்கே 1.63 கிலோவாக அது இன்னும் தராசில் ஏறி இறங்குகிறது.) மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் பாமாயில் கடலை எண்ணெயைவிட மலிவு என்பதால், அதைக் கலந்து கடலை எண்ணெய் என்றே விற்பது இந்நாட்டில் வெகுகாலமாக நடந்துவரும் ஏமாற்று. குளிர்பெட்டியில் வைத்துப் பார்த்து, உறைந்தால் பாமாயில் என்று பலர் சொல்கிறார்கள். நல்ல கடலை எண்ணெயும் கடுங்குளிரில் மங்கி உறையும் என்பதால் அந்தச் சோதனையை நான் நம்புவதில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பர்மியப் பெண்மணியின் அண்ணன் மியின்ஜான் பக்கத்தில் சிறிய எண்ணெய் ஆலை வைத்திருக்கிறார். மழையின்றிக் காயும் அந்த நடுப்பர்மாச் சீமையில் எள்ளும் நிலக்கடலையும்தான் குடியானவர்களுக்குப் பிழைப்பு. சென்ற ஆண்டு அந்த அம்மையாருடன் நானும் அங்கே போயிருந்தேன். ஆலை முற்றத்தில் கடலைக்காயைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். ஆலைக்காரர் ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்கிக் காட்டினார். உள்ளே பருப்பு ஓட்டை விட்டு விலகி ஆடும் ஓசை கேட்டால்தான் காய்ந்தது பதம் என்றும், ஓசை வராத காயை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும் என்றும் சொன்னார். கொட்டகைக்குள் ஏழெட்டுப் பெண்கள் முறத்தில் பருப்பைப் பரப்பி, கறுத்ததையும் சுருங்கியதையும் முளை கிளம்பியதையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வீசைக் கணக்கில் கூலி. கழிவுப் பருப்பு ஒரு மூலையில் தனியே குவிந்துகிடந்தது. மலிவு விலைக்கு ஆட்டும் ஆலைகள் சில, அதையும் கேட்டு வாங்கிப் போவதுண்டாம்.

அந்தக் குவியலைப் பார்த்தபோதுதான் விலையின் கணக்கு எனக்குப் புரிந்தது. பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கவல்லது. பெரிய ஆலைகளில் காஸ்டிக் சோடா போன்ற காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெய்க்கு அந்தச் சுத்திகரிப்பு கிடையாது. ஆகவே, செக்கில் ஆட்டியது என்பதால் மட்டும் அது நல்ல எண்ணெய் ஆகிவிடாது. சரியாகக் காயவைக்காத கடலையைச் செக்கில் ஆட்டினால் அது கடையில் விற்கும் பாமாயிலைவிடக் கெடுதலாகவும் இருக்கக்கூடும். அதை நல்ல எண்ணெயாக்குவது வெயிலில் கிடந்த நாள்களும் கொட்டகையில் குனிந்திருந்த அந்தப் பெண்களின் விரல்களும்தாம். வீசைக்கு நான் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கழித்துத் தள்ளிய பருப்புக்கும் அவர்கள் கூலிக்கும் போகிறது. உடம்புக்கு நல்லது வேறு, உழைப்பவருக்கு நியாயம் செய்வது வேறு என்று அன்பர் பிரித்து எழுதியிருந்தார். எண்ணெயைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே என்பதை அந்தக் கொட்டகையில் நேரிலேயே பார்த்தேன்.

பார்வைக்கு நன்றாக இருப்பதைப் பார்த்து வாங்கினால் போதும் என்பவர்களுக்கு 2009ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில், துணிக்கும் தோலுக்கும் ஏற்றும் ஆரமின்-ஓ என்ற மஞ்சள் சாயம் கலந்திருப்பதாகச் சொல்லி, 43 பெயர்களில் விற்ற லப்பே என்ற ஊறவைத்த தேயிலையைச் சுகாதார அமைச்சு தடை செய்தது. இந்நாட்டில் வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் நீட்டும் தட்டு அது. பார்வைக்குப் பளிச்சென்று இருந்ததாலேயே அதை விரும்பி வாங்கினோம்.

தக்காளியின் கதை வேறு. அங்கே முதலில் பாதிக்கப்படுபவர் நாம் அல்லர். 2016இல் இன்லே ஏரிக்குக் குடும்பத்துடன் போயிருந்தபோது, மிதக்கும் தோட்டங்களுக்கு நடுவே படகில் நின்றபடி இளைஞர் ஒருவர் முதுகில் மருந்துக் கலத்தைச் சுமந்துகொண்டு தக்காளிக் கொடிகளுக்கு அடித்துக்கொண்டிருந்தார். மூக்கில் துணிகூடக் கட்டியிருக்கவில்லை. அடித்து முடித்ததும் கலத்தை அந்த ஏரித் தண்ணீரிலேயே அலசினார். சற்றுத் தள்ளி ஒரு வீட்டின் படிக்கட்டில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மருந்துப் புட்டியில் இருந்தவை சீன எழுத்துகள். எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு மருந்து கலக்க வேண்டும் என்பதை அந்த இளைஞர் எப்படிப் படித்திருப்பார்? நாம் கழுவி, நறுக்கி, குழம்பில் போடும் தக்காளியில் எஞ்சியிருப்பது கொஞ்சமாக இருக்கலாம். அவருடைய தோலிலும் மூச்சிலும் படுவது கொஞ்சம் அன்று. மருந்தில்லாத தக்காளி கிடைத்தால் கூடுதல் கொடுத்து வாங்கலாம் என்று நான் சொல்வது அவருக்காக. இதைச் சட்டம் போட்டு ஒரே நாளில் சாதித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடுத்து, நெல்லும் தேயிலையும் விழுந்து, சில மாதங்களிலேயே தடையை விலக்கிக்கொள்ள நேர்ந்ததை நாம் எல்லாரும் அறிவோம். ஆதரிக்கும் கைகள் இருந்தால் குடியானவர் தாமாகவே கொஞ்சம் கொஞ்சமாக மாறுவார்.

பருப்புக்குக் கூடுதல் விலை தேவையில்லை என்பது என் எண்ணம். பெகூ பக்கத்தில் மழைக்கால நெல்லை அறுத்தபின், நிலத்தில் மிஞ்சிய ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப்பயறும் வளர்கின்றன. காற்றிலிருக்கும் தழைச்சத்தைத் தாமே வேரில் சேர்த்துக்கொள்ளும் பயிர்கள் என்பதால் உரமும் அதிகம் கேட்பதில்லை. சென்னையின் இட்லிக்கே இங்கிருந்து உளுந்து கப்பலேறுகிறது. பயின்னௌங் மொத்தச் சந்தையில் எஸ்.க்யூ. (சிறப்புத் தரம்), எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்) என்று தரம் பிரிப்பது மணியின் பருமனையும் தோற்றத்தையும் பார்த்துத்தான். என்ன மருந்து அடித்தார்கள் என்பதற்கும் அந்தத் தரத்துக்கும் தொடர்பில்லை. இங்கே 'ஆர்கானிக்' என்ற பெயருக்குப் பணம் கொடுப்பதைவிட, கல் பொறுக்கி விற்கும் பழகிய கடையில் வாங்குவதே மேல். முகத்தில் பூசும் 'தனக்கா' மரக்கட்டைக்கும் இதே கதைதான். கட்டையைக் கல்லில் நாமே இழைத்துப் பூசுவதால் நடுவில் கலப்படம் புக இடமில்லை.

துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018இல் இந்நாட்டில் நாளொன்றுக்கு 4,800 கியாட் என்று குறைந்தபட்சக் கூலி வகுக்கப்பட்டது. பிறகு அதன்மேல் ஆயிரம் ஆயிரமாகப் படி சேர்த்தார்கள். யாங்கூனின் தொழிற்பேட்டைப் பகுதியான லைங்தாயாவில் தையல் இயந்திரத்தின் முன் நாளெல்லாம் குனிந்திருக்கும் பெண்ணிடம் போய், இயற்கைப் பொருளாகப் பார்த்து வாங்கம்மா என்று சொல்ல எனக்கு நா எழாது. இந்தப் பேச்சு முழுவதும் அவரைவிட நாலு காசு கூடுதலாக உள்ளவர்களுக்குத்தான். வுந்துவினில் கைத்தறியில் நெய்த கைலி ஒன்றை வாங்கி, சாயம் போகாமல் பல ஆண்டு உடுத்துவது, மலிவான மூன்றை வாங்கிக் கிழிப்பதைவிட லாபம் என்பதை மட்டும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

பொருள் எந்த விலையில் நம்மிடம் வந்தது என்று கேட்பது நம் தமிழர்களுக்குக் கூடுதல் கடமை என்றே நான் நினைக்கிறேன். என் தாத்தா மொகல் தெருவில் செட்டியார் ஒருவரின் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். 1930இல் நெல் விலை சரிந்தபோது கடனைக் கட்ட முடியாத குடியானவர்களின் நிலம், பேரேட்டில் ஒரு வரியாக, கடையின் பெயருக்கு மாறியதை அவர் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, 1938இல் 25 பங்காகிவிட்டது. நிலத்தைத் தேடி அவர்கள் வரவில்லை, பணமாகத் திரும்பினால் போதும் என்றே இருந்தார்கள் என்று தாத்தா சொல்வார். இருந்தாலும் அந்த நாளில் நம் வீடுகளில் பொங்கிய சோறு என்ன விலையில் வந்தது என்பதைக் கேட்டவர் இல்லை. அதன் வடு இந்த மண்ணில் நெடுநாள் இருந்தது. விளைவித்தவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு வீசை எண்ணெயாவது வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தனி ஒருவராக ஆலையைத் தேடிப் போவது எல்லாராலும் ஆகாது என்பது உண்மை. வெளிநாடுகளில், இயற்கை விளைச்சல் என்ற சான்று முத்திரை வாங்கச் சிறு குடியானவர்களிடம் பணம் இல்லாத இடங்களில், குடியானவர்களும் வாங்குபவர்களும் கூடி ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதி கூறிக்கொள்ளும் முறை உண்டு. இந்நாட்டிலும் அப்படிச் சில குழுக்கள் இயங்குகின்றன. நாம் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. எங்கள் தெருவில் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து மியின்ஜானிலிருந்து மாதம் இரண்டு டின் எண்ணெய் வரவழைக்கிறோம். இடையில் இரண்டு கை குறைந்ததால், நான் முன்பு அந்தப் புட்டிக்குக் கொடுத்த விலையில் முக்கால் பங்குதான் ஆகிறது. சந்தை விலையைவிட அது இன்னும் பாதிப்பங்கு கூடுதல்தான். அதற்கு ஈடாக வாரத்தில் இரண்டு நாள் பொரியல் வகைகளை நிறுத்திவிட்டோம்.

நம் கோவில்களில் அன்னதானத்துக்கும் ஆடிக்கூழுக்கும் தீமிதித் திருவிழாவுக்கும் ஆண்டு முழுவதும் டின் டின்னாக எண்ணெய் வாங்கப்படுகிறது. யார் மலிவாகக் கொடுக்கிறார்களோ அவர்களிடம் வாங்குவதே வழக்கமாக இருக்கிறது. ஏழைகள் வரிசையில் நின்று உண்ணும் உணவு அது. இரண்டு மூன்று கோவில் நிர்வாகங்கள் சேர்ந்து, காயவைப்பதையும் பொறுக்குவதையும் நேரில் போய்ப் பார்த்து, ஓர் ஆலைக்கு முன்பணம் கொடுத்து ஆட்டச் சொன்னால், அந்த ஆலைக்காரருக்கும் பொறுக்கும் பெண்களுக்கும் ஆண்டு முழுவதும் வேலை நிச்சயமாகும். இயற்கைப் பொருள் என்ற பேச்சையே கேட்டிராத குடும்பங்களின் இலையிலும் நல்ல எண்ணெய் விழும். மழைக்கால நிலக்கடலை புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகிறது. அதற்கு முன் இதைப் பற்றிப் பேச விரும்பும் நிர்வாகிகளும், மக்வே, மொன்யுவா பக்கங்களில் நம்பகமான ஆலைகளை அறிந்த வாசகர்களும் தங்கள் இதழின் வாயிலாக எழுதினால், நானும் எங்கள் தெருப் பெண்களும் உடன்வந்து பார்க்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
யாங்கூன்