வெளியுறவு விவகாரங்களுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை, அதாவது ஓராண்டுச் செலவுக்காக அது நாடாளுமன்றத்திடம் கேட்கும் தொகை, மக்களவையில் தனியாக விவாதிக்கப்படுவது அரிது. நேரமில்லை என்ற காரணத்தால் பெரும்பாலான அமைச்சகங்களின் கோரிக்கைகள் ‘கில்லட்டின்’ முறையில் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. 2023 மார்ச்சில் ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட் விவாதமே இன்றி மக்களவையில் நிறைவேறியது. ஆகவே, பட்ஜெட் தாக்கலுக்குப் பின் அவைகள் இடைவேளையில் இருக்கும் அந்தச் சில வாரங்களில், மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேருமாக நீங்கள் கூடும் அறைதான், இந்த அமைச்சகத்தின் செலவை அதற்கு ஒப்புதல் தரும் முன்பே வரிவரியாகக் கேட்டறிய மக்களுக்கு இருக்கும் வாய்ப்பு. அமைச்சரைச் சாட்சியாக அழைக்க விதிகள் இடம் தருவதில்லை என்பதால், செயலர்களிடம் நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு இன்னும் அதிகப் பொறுப்பு இருக்கிறது.

2023-24இல் 18,050 கோடி ரூபாயில் தொடங்கிய ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீட்டில் 29,121 கோடியாக உயர்ந்தது. 2024-25க்கான பட்ஜெட் மதிப்பீடு 22,154 கோடி. 2025-26க்கு 20,516 கோடி. அந்த ஆண்டின் மொத்த மத்திய பட்ஜெட்டில் இது அரை சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இந்தத் தொகை போதாது என்று உங்கள் குழு ஆண்டுதோறும் வாதாடி வருவது நியாயமே. ஆனால் கூடுதல் பணத்துக்காகப் பரிந்து பேசும் குழுவுக்கு, கொடுத்த பணம் என்ன பலன் தந்தது என்று கேட்கும் கடமையும் அதே அளவுக்கு உண்டு.

அண்டை நாடுகளுக்கான உதவியில் பூடானின் பங்கே மிகப் பெரியது. 2025-26க்கு 2,150 கோடி ரூபாய். அந்த நட்பை நான் மதிக்கிறேன். எனினும், இந்தியா 40 சதவீதம் மானியமாகவும் 60 சதவீதம் கடனாகவும் நிதி தரும் 1,200 மெகாவாட் புனாட்சங்சூ-1 நீர்மின் திட்டம் 2008இல் தொடங்கி, 2013இல் அணைப் பகுதியின் மலைச்சரிவு சரிந்த பின் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. நிலவியல் ஆய்வு எப்படி நடந்தது, செலவு உயர்வை யார் தாங்குகிறார்கள் என்பவை தூதரக நயம் கருதி விட்டுவிடக்கூடிய கேள்விகள் அல்ல.

நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது, மானியக் கோரிக்கையின் பக்கங்களில் இடம்பெறாத ஒரு பணத்தைப் பற்றி. 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதி, நமது தூதரகங்கள் கடவுச்சீட்டு, விசா போன்ற சேவைகளுக்கு வாங்கும் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கும் சிறு தொகையால் இயங்குகிறது. முதலாளி கைவிட்ட தொழிலாளிக்குத் தங்குமிடம், ஊர் திரும்ப விமானச் சீட்டு, சட்ட உதவி, அவசர மருத்துவம், இறந்தவரின் உடலைத் தாயகம் அனுப்பும் செலவு ஆகியவை இதிலிருந்துதான் தரப்பட வேண்டும். வளைகுடாவில் உழைப்பவர்கள் தம் கையிலிருந்து கொடுத்த பணம் இது. நாடாளுமன்றம் வாக்களித்து வழங்கும் தொகையல்ல என்பதாலேயே இதன் மீதான கண்காணிப்பு தளர்ந்துவிடக் கூடாது. உறுப்பினர்கள் கேள்வி கேட்கும்போது துண்டுதுண்டாக வெளிவரும் எண்கள் போதாது. ரியாத்திலும் குவைத்திலும் துபாயிலும் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவாயிற்று, எத்தனை விண்ணப்பங்கள் என்ன காரணத்தால் நிராகரிக்கப்பட்டன, உடல் ஊர் வந்து சேர எத்தனை நாளாயிற்று என்று தூதரகவாரியாக அமைச்சகம் உங்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்து 45 இந்தியர்கள் மாண்டபோது, அவர்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் இருந்தனர். விமானப்படை விமானத்தில் உடல்கள் விரைவாகக் கொச்சி வந்து சேர்ந்தன. அந்த வேகத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் செய்தியாகாமல் தனியே இறக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்கும் அதே வேகம் கிடைக்கிறதா என்பதை அறிய, நான் மேலே கேட்ட கணக்கைவிட வேறு வழி இல்லை.

குடிபெயர்வோரைக் காக்கும் சட்டம் 1983ஆம் ஆண்டினது. அதை மாற்றும் வரைவு 2021இல் மக்கள் கருத்துக்கு விடப்பட்டது. அந்த வரைவு சட்டமாகவில்லை. 2004 முதல் இயங்கிய வெளிநாடுவாழ் இந்தியர் அமைச்சகம் 2016இல் வெளியுறவு அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டதால், இந்தத் தாமதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதும் இதே அமைச்சகம்தான்.

உங்கள் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது என்பதை அறிவேன். ஆயினும் அவை எந்த நிலையில் உள்ளன என்று அமைச்சர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவையில் அறிக்கை தர வேண்டும் என்ற சபாநாயகரின் 73ஏ நெறிமுறை உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடப்பதால், அறிக்கை ஒன்றே எங்களை வந்தடைகிறது. அடுத்த மானியக் கோரிக்கை அறிக்கையில் சமூக நல நிதிக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கி, தூதரகவாரிக் கணக்கை முழுமையாகப் பின்னிணைப்பாக வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் மாவட்டத்து வாக்காளர் ஒருவர்