பதினாறாம் சேனலில் விளையாட்டுக் குரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளச்சலில் முப்பது ஆண்டுகளாகப் படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுதுபார்த்துப் பிழைத்து வருகிறேன். என் கடையின் மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா உண்டு. பழுது நீக்கிய செட்டைச் சோதிக்கும்போது பதினாறாம் சேனலில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பது என் வழக்கம். 156.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான் நாங்கள் பதினாறு என்கிறோம். உலகம் முழுவதும் கப்பல்களும் படகுகளும் ஆபத்து வேளையில் கூப்பிடுவதற்கு என்று ஒதுக்கி வைத்த அலைவரிசை அது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை மதியம், அந்த செட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு அடிபட்டுவிட்டது, எனக்கு அடிபட்டுவிட்டது." மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டு முறை சொன்னது. பிறகு ஒன்றுமில்லை. மகனுடைய வள்ளத்துக்கு பேட்டரி வாங்க வந்து என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு தாய் சட்டென்று எழுந்து நின்றார். அவருடைய கணவர் அன்றைக்கு எட்டாவது நாளாகக் கடலில் இருந்தார். "அண்ணா, எந்தப் படகு?" என்று கேட்டார். நானும் மைக்கை எடுத்து, எந்தப் படகு, எந்த இடம் என்று மூன்று நான்கு தடவை கேட்டேன். பதில் இல்லை. சற்று நேரத்தில் வேறொரு குரல், "பாறை மேட்டுக்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஓடை வழியாக வா" என்றது. கடலில் ஏது ஓடை? அப்போதுதான் இது விளையாட்டு என்று புரிந்தது. அந்தத் தாய் மறுபடி உட்கார்ந்தார், ஆனால் கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆயிற்று.

கருங்கல் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துச் சரிவில் ஏர்சாஃப்ட் விளையாடும் இளைஞர்களின் குரல் அது என்று மறுநாள் தெரிந்தது. அந்தக் குழுவில் என் சொந்தத் தங்கையின் மகனும் இருந்தான். ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் பொம்மைத் துப்பாக்கியுடன் இரண்டு அணிகளாகப் பிரிந்து ஆடுவது இந்த விளையாட்டு. குண்டு பட்டவர் தானே அதைச் சொல்லி வெளியேற வேண்டும். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் பால்வெட்டு முடிந்த பிறகு தோட்டக்காரரின் அனுமதியுடன்தான் ஆடுகிறார்கள். கண்ணுக்குக் கவசம் இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

"ஏன்டா இந்த அலைவரிசையை எடுத்தீர்கள்?" என்று மருமகனிடம் கேட்டேன். "மாமா, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். இதில்தான் யாருமே பேசவில்லை" என்றான். என்னைத் தூங்கவிடாமல் செய்த பதில் இதுதான். பதினாறில் யாரும் பேசாததற்குக் காரணம், எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். வழக்கமான பேச்சுக்கு வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும், கூப்பிடுகிறவனுக்காக இதைத் திறந்து வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நம் படகுக்காரர்கள் சிலரே இதைக் கடைப்பிடிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அவர்கள் வைத்திருந்தது இணையத்தில் வாங்கிய ஐந்து வாட் செட். 136 முதல் 174 வரை, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரை எந்த எண்ணை அடித்தாலும் அதில் பேசலாம். பெட்டியில் உரிமம் பற்றி ஒரு வரிகூட இல்லை. தரைமட்டத்தில் கையில் பிடித்துப் பேசினால் ஒரு எல்லைக்கு மேல் போகாது என்பது உண்மை. ஆனால் நம் மாவட்டத்தின் நில அமைப்பை எண்ணிப் பாருங்கள். மலைச் சரிவில் இருநூறு மீட்டர் உயரத்தில் நின்றால் இந்த அலைக்குத் தொடுவானம் ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இடையில் மறைப்பு இல்லையென்றால் அந்தச் சிறிய செட் கடலுக்குள் வெகுதூரம் கேட்கும். இன்னொன்று, எஃப்.எம். முறையில் ஒரே அலைவரிசையில் இரண்டு குரல்கள் வந்தால் வலுவானது மெலிந்ததை விழுங்கிவிடும். தொலைவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் படகிலிருந்து வரும் மெல்லிய குரல், அருகிலிருக்கும் பையனின் "ஓடை வழியாக வா"வுக்கு அடியில் கரையில் எவருக்கும் கேட்காமலே போய்விடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது இந்த மாவட்டத்தின் கடற்கரை ஊர்கள் எதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, விளையாடுகிறவர்கள் எதை வாங்குவது? மருமகனின் குழுவுக்கு நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்ததால் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் விதி வகுத்தது. அந்தப் பட்டையில் மட்டும் இயங்கும், உரிய வகை ஒப்புதல் (அந்த மாடலுக்கு அரசு தரும் அனுமதி) பெற்ற அரை வாட் செட்டைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் செட் அந்நாட்டின் 462, 467 பட்டைகளுக்கு உரியது. அங்கே அதற்கு உரிமம் தேவையில்லை என்பதால் இங்கேயும் தேவையில்லை என்றாகாது.

"அரை வாட் போதுமா மாமா?" என்று எல்லோருமே கேட்டார்கள். அதனால் தோட்டத்துக்கே போய் நடந்து பார்த்தோம். வரிசையாக நிற்கும் ரப்பர் மரங்களுக்கு இடையே நானூறு மீட்டர் வரை தெளிவாகக் கேட்டது. அவர்கள் ஆடும் இடமே அவ்வளவுதான். மழை பெய்து இலையெல்லாம் நனைந்திருந்த நாளில் கொஞ்சம் குறைந்தது. நடுவில் மண்மேடு வந்த இடத்தில் அறவே கேட்கவில்லை, ஆனால் அங்கே ஐந்து வாட் செட்டும் திணறத்தான் செய்தது. ஆற்றலைப் பத்து மடங்கு கூட்டினால் தூரமும் பத்து மடங்காகும் என்று நினைக்கிறார்கள். தோப்புக்குள் அது இரண்டு மடங்குகூட ஆகாது. செட்டை இடுப்பிலிருந்து எடுத்துத் தோள்பட்டைக்குக் கீழே நிமிர்த்தி மாட்டியதில்தான் நாங்கள் கண்கூடான வித்தியாசத்தைக் கண்டோம். உடம்பு அலையை உறிஞ்சிவிடுகிறது.

பேசினாலே தானாக இயங்கும் வசதியை அணைத்து வையுங்கள். முகக் கவசத்துக்குள் இழுக்கும் மூச்சும் துப்பாக்கிச் சத்தமும் அதை ஓயாமல் இயக்கிவிடும், அணி முழுவதும் ஒருவருடைய மூச்சையே கேட்டுக்கொண்டிருக்கும். மார்பில் மாட்டி, அழுத்திப் பேசும் பொத்தானும் ஒரு காதுக்கு மட்டுமான இயர்போனும் போதும். இன்னொரு காது காலடிச் சத்தத்துக்கு வேண்டும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஆகவே ஐபி 67 என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். "ப்ரைவசி கோடு" என்று விற்பனையாளர் சொல்வதை நம்பி ஏமாற வேண்டாம். அது உங்கள் பேச்சை மறைக்காது, மற்றவர் பேச்சு உங்களுக்குக் கேட்காமல் உங்கள் காதைத்தான் அடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு சேனல் காலியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

ஆடும் நாளையும் இடத்தையும் முன்கூட்டியே காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடலோர மாவட்டத்தில் துப்பாக்கி வடிவமும் வயர்லெஸும் ஒன்றாகத் தெரிந்தால் ரப்பர் பால் எடுக்க வருகிறவர்கள் பயப்படுவது இயல்பு.

இணையத்தில் வாக்கி டாக்கி விற்பதைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் வழிகாட்டு நெறிமுறைகளைக் கொண்டுவந்தது. வரவேற்கிறேன். ஆனால் கடைகளிலும் கைமாற்றாகவும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய செட்டுகளை யார் பார்ப்பது? மீன்வளத் துறையும் காவல் துறையும் சேர்ந்து, எந்தெந்த அலைவரிசையைத் தொடக் கூடாது என்று ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டு செல்போன் கடைகளிலும் கல்லூரிகளிலும் ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கில அரசிதழைத் தேடிப் படிக்கும் இளைஞன் எத்தனை பேர்?

அந்தத் தாயின் கணவர் மூன்றாம் நாள் நலமாகக் கரை திரும்பினார். மருமகனை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன், அவனே எல்லாவற்றையும் சொன்னான். விளையாட்டுக் குழுக்கள் தங்கள் செட்டுகளை எந்த சனிக்கிழமை மாலையிலும் என் கடைக்குக் கொண்டுவரலாம். எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று பார்த்து, கட்டணம் எதுவும் வாங்காமல் சரிசெய்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வயர்லெஸ் பழுதுபார்ப்பவர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.