ஞாழல் எந்தத் துறை?

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். என் மகள் சங்க இலக்கியத்தின் நெய்தல் நிலத் தாவரங்களை ஆராய விரும்பினாள். ஒரு கல்லூரியின் தமிழ்த்துறை, தாவரவியலைக் கேட்கச் சொன்னது. தாவரவியல் துறை தமிழுக்கே திருப்பி அனுப்பியது. இடையில் ஒரு மாடிப்படிதான். ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

அந்த நெய்தல் தாவரங்களில் ஒன்றான ஞாழல் எந்த மரம்? அதன் சிறு பூ வெண்கடுகு போன்றது என்கிறது குறுந்தொகை. அறிஞர்கள் இன்றும் ஒரே மரத்தைக் காட்டுவதில்லை. சொல் மட்டும் தெரிந்தவரோ இலை மட்டும் தெரிந்தவரோ தனியே இதைத் தீர்க்க முடியுமா?

பக்கத்துப் புதுச்சேரியில், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இந்தியவியலும் சூழலியலும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. 2005-இல் யுனெஸ்கோ பதிவேட்டில் ஏறிய சைவ ஓலைச்சுவடிகளும் அங்கே உண்டு, உலர்தாவரத் தொகுப்பும் உண்டு. நிறுவிய ழான் ஃபிலியோசாவே மருத்துவர். வடமொழியும் தமிழும் கற்றவர். (அவரையும் நம்மவர்கள் மாடிக்கு அனுப்பியிருப்பார்கள்!)

முனைவர் பட்ட ஆய்வுக்கு வேறு துறையிலிருந்து இணை வழிகாட்டி வைத்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக்குழு விதிகளில் இடம் இருக்கிறது. கல்லூரிகள் அதைச் சேர்க்கை அறிவிப்பிலேயே அச்சிடட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்