பெட்ரோல் பங்கை நகர்த்தும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ தூக்கி வேறு மனைக்கு நகர்த்தப்போகும் பழைய பெட்ரோல் பங்கின் வரைபடமும் புகைப்படங்களும் வந்து சேர்ந்தன. அம்மா எல்லாவற்றையும் பெரிய தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்தாள். போனில் கேட்டால் "எல்லாம் நல்லா போகுதுப்பா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பதில் எழுத நேரமில்லை என்றால் இந்தக் கடிதத்தின் ஓரத்திலேயே ஆம், இல்லை என்று குறித்துப் படம் எடுத்து அனுப்பு, போதும்.

முதலில் மண்ணுக்கடியில் இருக்கும் டேங்க். பதிவேட்டில் இரண்டு டேங்க் என்று எழுதியிருக்கிறாய். பதிவேட்டை நம்பாதே. 1974 ஜனவரிக்கு முன்பே நிறுத்தப்பட்ட டேங்குகளைப் பதிய வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்கவே இல்லை. உன் பங்கு 1930களில் கட்டியது. பின்சுவர்ப் படத்தைப் பார், கூரைக்கு மேல் ஏறிப்போகும் இரும்புக் குழாய்கள் மூன்று இருக்கின்றன. அவை தண்ணீர்க் குழாய் இல்லை, டேங்கின் மூச்சுக்குழாய். மூன்றாவது குழாய் எந்த டேங்குக்கு? பழைய கழிவு எண்ணெய்க்கோ, குளிர்காலச் சூடேற்றியின் எண்ணெய்க்கோ இருக்கலாம். காந்தமானியோ தரை ஊடுருவும் ரேடாரோ வைத்து முற்றம் முழுக்கத் தேடச் சொல். இருபத்தைந்து டன் கட்டடத்தைச் சுமந்து டாலி என்னும் சக்கர வண்டி உருண்டுவரும்போது துருப்பிடித்த காலி டேங்க் ஒன்று அடியில் நசுங்கினால் கட்டடம் அந்த இடத்திலேயே சாய்ந்துவிடும்.

டேங்கை எடுக்க 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இல்லினாய் மாநிலத்தில் தீயணைப்பு ஆணையர் அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். உள்ளே தேங்கிய ஆவியை விரட்ட உலர்பனி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு போடுவார்கள், 1,000 கேலனுக்கு 15 பவுண்டு கணக்கு. போட்டபின் எரியும் ஆவியை அளக்கும் மீட்டரை உள்ளே விட்டு "ஜீரோ காட்டுது" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அந்த மீட்டர் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும்; கார்பன் டை ஆக்சைடு நிறைந்த டேங்கில் அது பொய் சொல்லும். ஆக்சிஜன் மீட்டரைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் குழிக்குள் நீ இறங்கவே கூடாது. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமான வாயு, அடியில் போய்த் தங்கும்.

டேங்கை முதலில் எடுப்பதா, கட்டடத்தை முதலில் நகர்த்துவதா என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி, இதைக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு. குழியின் அடி எத்தனை அடி ஆழமோ, குறைந்தது அத்தனை அடி தள்ளி கட்டடம் இருந்தால் முதலில் தோண்டலாம். பத்தடி ஆழக் குழி, சுவர் ஆறடியில் என்றால் அஸ்திவாரத்தின் அடிமண் குழிக்குள் சரியும். அப்போது கட்டடத்தைத் தூக்கி, டேங்க் இல்லாத பக்கமாக உருட்டி நிறுத்திவிட்டுத்தான் தோண்ட வேண்டும். தோண்டிய குழியை ஒரே மூச்சில் மண்ணால் நிரப்பிவிட்டு அதன்மேல் வண்டியை ஏற்ற விடாதே. எட்டு அங்குலம் எட்டு அங்குலமாகக் கொட்டித் திமிசு போட வேண்டும், மேலே இரும்புத் தகடு பரப்ப வேண்டும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் தேசியப் பட்டியலில் உள்ள கட்டடத்தை முன் ஒப்புதல் இல்லாமல் நகர்த்தினால் அது பட்டியலிலிருந்து தானாகவே விழுந்துவிடும். நகர்த்தியபின் போய்க் கெஞ்சிப் பயனில்லை. புதிய இடத்திலும் அதே திசையில் சாலையைப் பார்த்து, அதே அளவு பின்தள்ளி, முன்னால் வண்டி வளைந்து வந்துபோகும் வழியோடு நிற்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் ஸில்லா ஊருக்குப் பக்கத்தில் 1922இல் தேநீர்க் கெண்டி வடிவில் கட்டிய பங்கை 82ஆம் நெடுஞ்சாலைக்காக 1978இல் நகர்த்தினார்கள். நகர்ந்தபிறகும் 1985இல் அது தேசியப் பட்டியலில் ஏறியது. 2012இல் மறுபடி நகர்த்தி ஊருக்குள் கொண்டுவந்து பார்வையாளர் மையமாக்கிவிட்டார்கள். ஆகவே நகர்வதே குற்றமில்லை. அது கெண்டி, ஒரு பார்வையிலேயே பேர் சொல்லும். உன்னுடையது செங்கல் வீடு போன்ற சாதாரணப் பங்கு, அதனால் நீதான் எழுத்தில் பேச வைக்க வேண்டும். நீ எழுதிய விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைப் படித்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

ஆனால் வண்டி பழுதுபார்க்கும் சர்வீஸ் அறைச் சுவரின் எனாமல் தகடுகளை எண் போடாமல் கழற்றத் தொடங்கிவிட்டாயே! படத்தில் சுவரோரம் பன்னிரண்டு தகடு சாய்ந்திருக்கிறது, ஒன்றின் முதுகிலும் எழுத்தில்லை. எனாமல் தகடு என்பது இரும்பின்மேல் சூளையில் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடி. பார்க்க ஒரே அளவாகத் தெரியும், திருகுத் துளை ஒன்றுக்கொன்று அரைக்கால் அங்குலம் மாறும். தப்பான இடத்தில் வைத்துத் திருகினால் துளையைச் சுற்றிக் கண்ணாடி சில்லாகப் பெயரும். மீதியைக் கழற்றும் முன் சுவரை நேர்முகமாகப் படமெடு. வரிசைக்கு எழுத்து, இடத்துக்கு எண் என்று ஒவ்வொன்றின் முதுகிலும் பெயின்ட் பேனாவால் எழுது. கடைசியாகப் பொருத்தியதுதான் முதலில் கழன்று வரும், அதனால் மேல்விளிம்புத் தொப்பியிலிருந்து இறங்கி வா. துருப்பிடித்த திருகுக்கு எண்ணெய் விட்டு ஒருநாள் காத்திரு. கிரைண்டரால் தலையை வெட்டாதே, தீப்பொறி பறந்து பக்கத்துத் தகட்டின் கண்ணாடிக்குள் பதிந்து துருப்புள்ளியாகும், அதைப் பிறகு எடுக்க முடியாது. நிமிர்த்தி, இடையில் நுரைத்தாள் வைத்து அடுக்கு. படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் கீழே இருப்பது வளையும், வளைந்தால் கண்ணாடி உதிரும். வளைந்ததை முதுகில் தட்டி நிமிர்த்தப் போனாலும் முன்பக்கம் உதிரும். உதிர்ந்த இடத்தில் துருவைக் கையால் சுரண்டி, எபாக்ஸி பிரைமர் அடித்து, நிறம் சேர்த்த எபாக்ஸியால் நிரப்பு. கழுவ மிதமான சோப்புத் தண்ணீர் போதும். அமிலம், மணல்வீச்சு இரண்டும் மினுக்கத்தைக் கொன்றுவிடும். திரும்பப் பொருத்தும்போது துருப்பிடிக்காத எஃகுத் திருகும் ரப்பர் வாஷரும் போடு.

தூக்கும் வேலைக்கு வருகிறேன். இதில்தான் என் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. கட்டடம் 16க்கு 20 அடி, சுவர் ஒன்பதடி உயரம். கதவு ஜன்னல் கழித்தால் சுவர்ப் பரப்பு ஏறக்குறைய 520 சதுர அடி. எட்டு அங்குலச் செங்கல் சுவர் சதுர அடிக்கு 80 பவுண்டு. ஓடு, கூரைச் சட்டம் சேர்த்தால் 50,000 பவுண்டு, அதாவது அந்த ஊர்க் கணக்கில் 25 டன். தரைக் காங்கிரீட்டை விட்டுவிடுவதால்தான் இவ்வளவு. ஒப்பந்தக்காரர் சொன்ன 15 டன்னில் சுவரின் இரண்டாவது வரிசைச் செங்கலைக் காணோம். துளை போட்டுப் பார்க்கச் சொல்.

தூக்கும் முன் புகைபோக்கியைக் கூரை மட்டத்துக்கு இறக்கிவிடு. கண்ணாடிகளைக் கழற்று, இரும்பு ஜன்னல் சட்டங்கள் அப்படியே இருக்கட்டும். எல்லாத் திறப்புக்கும் பிளைவுட் அடைத்துக் குறுக்குச் சட்டம் கொடு. சுவரைச் சுற்றி இரும்பு வடம் கட்டி, மூலைகளில் மரப்பட்டி வைத்து இறுக்கு. இருக்கிற விரிசல் ஒவ்வொன்றின் நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி போடு. தூக்கும்போது கோட்டைத் தாண்டினால் உடனே தெரியும். கட்டடத்தைத் தாங்கித் தூக்கும் உத்திரம் நுழையும் துளைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டு, வெட்டிய செங்கலைச் சேர்த்து வை. வண்டி நிற்கும் முன்கூரையான கேனபியின் மரச்சட்டங்கள் கூரையோடு ஓடுகின்றன, வெட்டக் கூடாது. முதன்மை உத்திரத்தைக் கேனபிக்கு அடிவரை நீட்டி, அதன்மேல் மரத்தூண் நிறுத்தித் தாங்க வேண்டும். முன்னாலுள்ள இரண்டு செங்கல் தூணையும் பிரித்துக் கொண்டுபோய்க் கட்டிக்கொள். புதிய கலவை சுண்ணாம்பு அதிகமாக, செங்கல்லைவிட மெத்தென்று இருக்கட்டும். வெறும் சிமென்ட் போட்டால் இரண்டு குளிர்காலத்தில் செங்கலின் முகம் உரிந்துவிடும்.

ஜாக்கி எல்லாவற்றுக்கும் ஒரே மெஷினிலிருந்து சம அளவு எண்ணெய் போக வேண்டும். கனமான மூலையும் லேசான மூலையும் ஒரே நேரத்தில் ஒரே அளவு உயரும். தனித்தனிக் கை ஜாக்கி வைத்து ஆளுக்கொரு மூலையில் அடிப்பதாகச் சொன்னால் அந்த ஆளை அனுப்பிவிடு. சேலம் மாமா வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். இரண்டு அங்குலம் ஏறினால் உடனே கட்டை, மறுபடி இரண்டு அங்குலம், மறுபடி கட்டை. ஆறங்குலச் சதுரக் கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கு. அடுக்கின் உயரம் அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. கட்டை அடுக்காமல் அடியில் தலையை நீட்டாதே. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன்கூட சக்கரத்துக்கு நேரே நிற்க மாட்டான், பக்கவாட்டில் நின்றுதான் போடுவான். படம் எடுக்கிறேன், அளவு பார்க்கிறேன் என்று நீ உள்ளே போய்விடுவாய், எனக்குத் தெரியும்.

டாலிகளை மூன்று கூட்டமாக எண்ணெய்க் குழாயில் இணைத்திருக்கிறார்களா என்று கேள். மூன்று புள்ளியில் நின்றால் சாலை எப்படிக் கோணினாலும் சுவர் முறுக்காது. கூரை உச்சி 15 அடி, உத்திரமும் டாலியும் சேர்த்து 19 அடிக்கு வரும். சாலையைக் கடக்கும் டெலிபோன், கேபிள் கம்பிகளில் பல அதற்குக் கீழேதான் தொங்கும். கம்பிக்காரர்கள் வாரக்கணக்கில் இழுப்பார்கள், இப்போதே எழுதிப் போடு.

சர்வீஸ் அறை வெறும் காங்கிரீட் பிளாக். உள்ளே பொள்ளல், தூக்கினால் நொறுங்கும். அதை அளவெடுத்துப் புதிதாகக் கட்டி, பழைய தகடு, கதவு, இரும்பு ஜன்னலைப் பொருத்து என்பது என் முடிவு. பழைய பிளாக்கைத் திரும்பப் பயன்படுத்தலாமே என்று நினைக்காதே. எத்தனையோ வருட எண்ணெயைக் குடித்த கல், வெயில் பட்டால் நாறும்.

நான்காம் தாளில் அந்த சர்வீஸ் அறையின் பின்மூலையில் ஒரு கட்டில், ஒரு சிங்க், ஒரு ஷவர் போட்டிருக்கிறாய். மற்ற எல்லா அறைக்கும் பெயர் எழுதியிருக்கிறாய், இதற்கு மட்டும் எழுதவில்லை. காவலாளிக்கு என்று வைத்துக்கொள்கிறேன். யார் படுத்தாலும் விதி ஒன்றுதான். படுக்கும் அறையில் தப்பிக்க ஒரு ஜன்னல் வேண்டும். தரைத்தளம் என்பதால் திறந்தால் குறைந்தது 5 சதுர அடி, அகலம் 20 அங்குலத்துக்கும் உயரம் 24 அங்குலத்துக்கும் குறையக் கூடாது, அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்குள். பழைய இரும்பு ஜன்னலில் நடுக்கண்ணாடி மட்டும்தான் திறக்கும், அதில் ஆள் நுழைய முடியாது. பின்சுவரில் தனிக் கதவு வை. பிளாக் சுவர் குளிரைத் தடுக்காது. உட்புறம் மூன்று அங்குல நுரைப்பலகை ஒட்டு. தகட்டுக்குப் பின்னால் ஒரு அங்குல இடைவெளி விட்டு, அடியில் நீர் வடியத் துளை வை, இரும்பின் முதுகு வேர்க்கும். மேலே தூக்கும் பெரிய கதவை மூடியபடி நிறுத்தி, உட்புறம் இரட்டைக் கண்ணாடிச் சட்டம் போடு. உள்ளே எரியும் சூடேற்றி வைப்பதானால் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு இரவும் அங்கே யாரும் தூங்கக் கூடாது. புதிய மனை ரயில் பாதை ஓரம் என்கிறாய், அந்த மாதிரி இடங்களில் முன்பு எண்ணெய்க் கிடங்குகள் இருந்திருக்கும். மண்ணின் பழைய வரலாற்று அறிக்கை கையில் வராமல் அஸ்திவாரம் தோண்டாதே. பெட்ரோல் ஆவி தரை விரிசல் வழியாக மேலே வரும்.

இன்னொன்று. பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதற்கான அந்த 20 சதவீத வரிச்சலுகை வருமானம் தரும் கட்டடத்துக்குத்தான், சொந்தக் குடியிருப்புக்கு இல்லை. ஆகவே கட்டில் யாருக்கு என்று உன் கணக்காளரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். அவரிடம் சொல்லும்போது எங்களிடமும் சொல். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவருக்கு என்ன வேலை நெருக்கடியோ.

கையிருப்பு எல்லாவற்றையும் இதில் போட்டுவிடாதே. செலவுக் கணக்கில் எதிர்பாராததற்கு ஐந்து சதவீதம்தான் வைத்திருக்கிறாய். டேங்க் இருக்கும் இடத்தில் அது போதவே போதாது, இருபது சதவீதமாவது வை. மண் கெட்டிருந்தால் அந்தச் செலவு டேங்க் சொந்தக்காரருடையது என்று மனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் எழுதி வாங்கு. போட்டபின் அது உன் தலையில்.

அஸ்திவாரத்தின் அடி, உறைபனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும், உங்கள் பக்கம் மூன்றடிக்கும் மேல். தரை உறைவதற்குள் காங்கிரீட் ஊற்றி முடித்தாக வேண்டும். சுவரை முதலில் கட்டிவிட்டுக் கட்டடத்தை அதன்மேல் இறக்கப் பார்க்காதே. அடிக்கட்டு மட்டும் தயாராக இருக்கட்டும், கட்டடத்தைக் கொண்டுவந்து கட்டை அடுக்கின்மேல் நிறுத்து, பிறகு அடியிலிருந்து சுவரை எழுப்பிக் கட்டடத்தைத் தொடு. அப்போதும் கட்டை அடுக்காமல் அடியில் போகாதே.

அம்மா ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டாள். கட்டில் மூன்றடி அகலம்தானாம், நாங்கள் வந்தால் எங்கே படுப்பது என்று கேட்கிறாள். எங்கள் இருவருக்கும் விசா இன்னும் செல்லும். தூக்கும் தேதி முடிவானதும் எழுது, அதற்கு இரண்டு வாரம் முன்னால் வரும்படி டிக்கெட் போடுகிறேன். அதற்குள் மூன்றாவது மூச்சுக்குழாய் எங்கே போகிறது என்று கண்டுபிடி. ஜாக்கி மெஷினில் எத்தனை முனை என்று கேட்டு எழுது. கட்டிலைப் பற்றியும் எழுது.

அப்பா